அண்ணி போட்ட பூஜ்யம்

செய்தி வந்தபோது பகல் பதினொன்றே முக்கால். பரிசோதனைக்கூடத்தில் ஒரு பெரியவரின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, ஊசி குத்த நரம்பு தேடிக்கொண்டிருந்தேன். மேசைமேல் கைப்பேசி அதிர்ந்தது. அழைத்தவர் அண்ணியின் அலுவலக ஜீப் ஓட்டுநர். அதற்கு முன் அவர் என்னை ஒருமுறைகூட அழைத்ததில்லை.

"பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துரும்மா. உங்க அண்ணனுக்கும் சொல்லிட்டேன்."

"என்னாச்சுங்க?"

"மேடத்தை அடிச்சிட்டாங்க."

"எங்க அடிச்சாங்க?"

உடம்பில் எங்கே என்று கேட்டேன். அவர், "ஏரி கமிட்டி ஆபீஸ்ல" என்றார். பெரியவர் தானே பட்டையை அவிழ்த்துக்கொண்டு, "நீ போம்மா, நான் நாளைக்கு வரேன்" என்றார்.

நான் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஜீப்பிலேயே உயிர் போய்விட்டதாம். அவசரப் பிரிவின் நடையில், சக்கரக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். தலையின் இடப்பக்கம் உள்ளே போயிருந்தது. காது இருந்த இடத்தில் முடியும் தோலும் ஒன்றாக ஒட்டிக் காய்ந்திருந்தன. வாய் திறந்திருந்தது, முன்பற்கள் இல்லை. வலது கையின் விரல்கள் மடங்கக்கூடாத பக்கமாக மடங்கியிருந்தன. நான் தினமும் இரத்தத்தோடு புழங்குகிறவள். ஆனால் குழாயில் பிடிக்கும் இரத்தம் வேறு, ஓட்டுநரின் சட்டையில் கழுத்துமுதல் இடுப்புவரை ஊறியிருந்த இரத்தம் வேறு.

அண்ணன் பட்டறையிலிருந்து அப்படியே வந்திருந்தான். அவன் லாரி மெக்கானிக். கை முழுக்க கிரீஸ். அண்ணியைத் தொடக் கையை நீட்டுவதும், கிரீஸைப் பார்த்து இழுத்துக்கொள்வதுமாக நின்றான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்து அவளுடைய பாதத்தின்மேல் வைத்தேன்.

இனி அவள் யாரென்று சொல்ல வேண்டும்.

அண்ணி அரசுப் புள்ளிவிவரத் துறையில் வேலை பார்த்தாள். நாட்டின் சுற்றுச்சூழலைப் பற்றி முடிவெடுக்கும் இடங்களில் பெண்களுக்கு எவ்வளவு பங்கு இருக்கிறது என்று அளப்பது அவள் பிரிவின் வேலை. தண்ணீர் வாரியம், காட்டுக் குழு, குப்பைக் கிடங்குக் குழு, ஏரிக் குழு என்று ஒவ்வொன்றாகப் போய், எத்தனை பெண்கள் இருக்கிறார்கள், அவர்கள் பேசுகிறார்களா, பேச்சு முடிவில் ஏறுகிறதா என்று பார்த்து எண் போட வேண்டும். எல்லா மாவட்டங்களின் எண்களும் தலைநகருக்குப் போகும். அங்கே கூட்டி வகுத்து, நாட்டுக்கு ஒரே ஒரு மதிப்பெண் செய்வார்கள். அது உலக அட்டவணையில் ஏறும். அமைச்சர் அதை மேடையில் படிப்பார்.

கல்யாணமான புதிதில் எங்கள் சித்தப்பா அவளிடம் விசாரித்தார்.

"சுற்றுச்சூழல்னா, மரம் நடுவியாம்மா?"

"இல்ல மாமா. மரம் நடலாமா வேண்டாமான்னு பேசுற எடத்துல எத்தனை பொம்பளைங்க இருக்காங்கன்னு எண்ணுவேன்."

"எண்ணி?"

"எழுதுவேன்."

"எழுதி?"

"அடுத்த வருஷம் போயி மறுபடி எண்ணுவேன்."

சித்தப்பா அப்பாவைத் திரும்பிப் பார்த்து, "குடுத்து வெச்ச பொண்ணுடா" என்றார்.

எண்ணும் பழக்கம் வீட்டுக்கும் வந்தது. அவள் வந்த முதல் வாரம், பழைய ஸ்கூட்டரை விற்றுவிட்டுப் புதிது வாங்கலாமா என்று சாப்பாட்டு மேசையில் பேச்சு நடந்தது. பேச்சு முடிந்து எல்லோரும் எழப்போனோம். அண்ணி தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "மாமா, ஒரு கூட்டம் நடந்துச்சு. பேசினது நீங்களும் உங்க பையனும். அத்தை ஒரே ஒரு தடவை வாயத் தொறந்தாங்க, 'தண்ணி வேணுமா'ன்னு. அதச் சேத்துக்கலாமா?"

அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அப்பா, "வந்து அஞ்சு நாள் ஆகல, அதுக்குள்ள ஆடிட்டா?" என்றார். ஆனால் அடுத்த மாதம் எனக்கு மாப்பிள்ளை பேச ஆட்கள் வந்தபோது, அவர் முதலில் என் பக்கம் திரும்பி, "நீ என்ன சொல்ற?" என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன். அது கணக்கில் ஏறியது. நாத்தனாருக்கும் அண்ணிக்கும் ஆகாது என்பார்கள். எங்களுக்கு அன்றே ஆகிவிட்டது.

கூட்டங்களில் அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. ஓரமாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். கண்ணைத் திறந்து வைத்திருந்தால் நாற்காலியும் உடுப்பும் தலைகளும் தெரியும், மனசு தானாகவே எண்ணிவிடும் என்பாள். மூடிக்கொண்டால் குரல் மட்டும்தான். ஒரு பெண்ணின் குரல் காதில் விழுந்து, அதற்கு யாராவது பதில் சொன்னால்தான் அவளைப் பொறுத்தவரை அந்தப் பெண் கூட்டத்தில் இருக்கிறாள். அலுவலகத்தில் இதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். "மேடம் தூங்கியே சம்பளம் வாங்குறாங்க" என்பார் ஓட்டுநர். அவரே, "நான் ஓட்டும்போதும் அப்படித்தான் தூங்குறீங்க, ஆனா ரோட்டுல ஒரு குழி தப்புனாலும் சொல்லிடறீங்க" என்றும் சொல்வார்.

ஏரிப் பாதுகாப்புக் குழுவில் ஒன்பது பேர். அவர்களில் மூவர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த மூவர்: ஒரு தையல்காரி, ஒரு மீன்காரி, ஒரு பால்காரி. மூவரும் ஏரிக்கரையில் குடியிருப்பவர்கள். கூட்டம் நடப்பது பழைய நீரேற்று நிலையத்தின் மாடியில். நீளமான ஒரு மேசை, பச்சை பூசிய இரும்பு மடக்கு நாற்காலிகள், சுற்றும்போது டக் டக் என்று தட்டும் ஒரு மின்விசிறி. அண்ணி முதல்முறை போனபோது பெண்களுக்கான மூன்று நாற்காலிகளிலும் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தையல்காரியின் கணவன், மீன்காரியின் கொழுந்தன், பால்காரியின் மகன்.

"அவங்க யாரும் வரலையா?"

"நாங்க வந்திருக்கோமே மேடம். ஒரே குடும்பம்தானே" என்றான் தையல்காரியின் கணவன்.

"ஒரே குடும்பம்னா உங்களுக்கு ஊசி போட்டா அவங்களுக்குக் காய்ச்சல் எறங்குமா?"

அன்று அவள் பூஜ்யம் போட்டாள்.

அவளுடைய துணை இயக்குநர் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்த சர்க்கரை நோயாளி. வம்பு என்றாலே அவருக்கு நா வறளும். அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்: "நாற்காலி மூணு இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு சார்."

"அப்ப மூணு போட்டுடும்மா. எல்லா மாவட்டத்துலயும் அப்படித்தான் போடறாங்க."

"நாற்காலி அஃறிணை சார்."

அவர் சிரித்துவிட்டு அனுப்பிவிட்டார். யார் படிக்கப் போகிறார்கள் என்ற நினைப்பு. ஆனால் அதைப் படிக்க ஒருவர் இருந்தார்.

ஏரிக்கரையில் ஓர் ஆலை உண்டு. பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்குவார்கள். இரண்டாவது உலை வைக்கவும், கழிவைக் கொட்டக் கரையிலேயே பள்ளம் தோண்டவும் ஆலைக்கு ஏரிக் குழுவின் ஒப்புதல் வேண்டியிருந்தது. குழு ஏற்கெனவே கை தூக்கிவிட்டது. ஆனால் பெண் உறுப்பினர்கள் கலந்துகொண்டார்கள் என்று புள்ளிவிவரத் துறையின் சான்று இல்லாமல் அந்த ஒப்புதல் செல்லாது. எப்போதோ, யாரோ, வெளிநாட்டுக்காரர்களைத் திருப்திப்படுத்தச் சட்டத்தில் சேர்த்துவைத்த வரி. அதுவரை எந்த ஊரிலும் யாரையும் அது தடுத்ததில்லை. அண்ணியின் பூஜ்யம் வந்ததும் உலை நின்றுவிட்டது.

ஆலை மேலாளர் வீட்டுக்கு வந்தார். நன்றாக உடுத்தியிருந்தார். அம்மா கொடுத்த டீயை முழுவதும் குடித்தார்.

"ஒரு எண்ணுதானே மேடம்."

"ஆமாங்க, ஒரு எண்ணுதான். அதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

அவர் சிரித்துக்கொண்டே போனார். மறுநாள் காலை வாசற்கதவைத் திறந்தால், எங்கள் தெருவில் எல்லோரிடமும் சோறு வாங்கித் தின்று திரிந்த நாய் படியில் கிடந்தது. கழுத்தைப் பாதிக்குமேல் அறுத்திருந்தார்கள். உயிர் முழுசாகப் போகவில்லை, பின்னங்கால் உதறிக்கொண்டிருந்தது. அண்ணி அதன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, கால் நிற்கும்வரை அப்படியே இருந்தாள். பிறகு ஒரு சாக்கில் சுற்றி, கொல்லையில் குழி வெட்டிப் புதைத்துவிட்டு, குளித்துவிட்டு அலுவலகம் போனாள். பேருந்தில் பாதி வழியில் வாந்தி எடுத்ததாகப் பிறகு என்னிடம் மட்டும் சொன்னாள்.

இரண்டாவது கூட்டம் வந்தது. இந்த இடத்தில் அந்த ஆட்கள் செய்த காரியத்தை எழுதும்போது எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. வந்த உடனே நின்றுவிடுகிறது. மேடம் கண்ணை மூடிக்கொண்டுதான் எண்ணுவார் என்று அவர்கள் விசாரித்துத் தெரிந்துகொண்டார்கள். குரல்தானே வேண்டும்? பெண்களை எதற்கு அழைத்துவர வேண்டும்? அழைத்து வந்தால் வாயைத் திறந்து எதையாவது சொல்லிவைப்பார்கள். ஆகவே மூன்று பெண்களையும் வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு, ஆலையின் எடைமேடையில் வேலை பார்க்கும் இளைஞன் ஒருவனைப் பெண் குரலில் பேசப் பழக்கி, அண்ணியின் முதுகுக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். அவன் மூன்று குரலில் பேச வேண்டும்.

குழுத் தலைவர் உலைத் தீர்மானத்தைப் படித்தார். அண்ணி கண்ணை மூடினாள். பின்னாலிருந்து ஒரு மெல்லிய குரல், "எனக்குச் சம்மதங்க" என்றது. சற்று நேரம் கழித்து இன்னொரு குரல், இன்னும் மெல்லியதாக, "எனக்கும் சம்மதங்க." மூன்றாவதைத் தொடங்கும்போது தொண்டை கட்டிக்கொண்டு அவன் குரல் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. இருமினான்.

அண்ணி கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "மூணாவதா பேசுற அக்காவுக்கு யாராச்சும் சுடுதண்ணி குடுங்க. மீசை முளைக்கிற மாதிரி இருக்கு."

சிரிப்பு. முதலில் ஓட்டுநர், பிறகு எழுத்தர், பிறகு குழு உறுப்பினர்களே. எடைமேடைப் பையனும் சிரித்துவிட்டான். சிரிக்காதவர்கள் இருவர். ஒருவர் ஆலை மேலாளர். இன்னொருவன் தையல்காரியின் கணவன். ஆலையிலிருந்து கழிவு ஏற்றும் லாரி ஒப்பந்தம் அவனுக்குத்தான் தருவதாக இருந்தது. இந்த யோசனையைச் சொன்னவனும் அவன்தான். படி இறங்கும்போது மேலாளர் அவனிடம், "உன் பொண்டாட்டியக் கூட உன்னால சொல்ல வைக்க முடியலையா?" என்று கேட்டாராம்.

அன்று மாலை வீட்டுக்குப் போய் அவன் தையல்காரியின் வலது கையை அவளுடைய தையல் மேசைமேலேயே அழுத்திப் பிடித்து, இஸ்திரிப் பெட்டியால் அடித்தான். கரி போடும் பழைய இரும்புப் பெட்டி. மணிக்கட்டு நொறுங்கி, அதற்குமேல் முழங்கைவரை இரண்டு இடங்களில் எலும்பு வெளியே வந்தது. பக்கத்து வீட்டார் சுவரில் தட்டினார்களாம். யாரும் கதவில் தட்டவில்லை.

அதே வாரத்தில் அண்ணனின் பட்டறைக்கு நான்கு பேர் போனார்கள். லாரிக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தவனைக் காலைப் பிடித்து வெளியே இழுத்து, அவனுடைய ஸ்பானராலேயே வாயில் அடித்தார்கள். இன்னொருவன் விலாவில் ஏறி நின்றான். அண்ணன் வாயில் துணியைத் திணித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். வந்தவன் அண்ணியைப் பார்த்துக் கத்தினான்.

"ஒரு பூஜ்யத்துக்காக என் பல்லெல்லாம் போச்சுடி!"

"எத்தனை?" என்று கேட்டுவிட்டாள் அண்ணி. வாய் தவறி வந்துவிட்டது. கேட்டதும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அண்ணன் அவளை முறைத்தான். பிறகு அந்தக் கிழிந்த உதட்டோடு அவன் சிரிக்கத் தொடங்கினான். சிரிக்கச் சிரிக்க மோவாயில் இரத்தம் ஒழுகியது. "ரெண்டு. எழுதிக்கோ" என்றான். அண்ணி அவன் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

தையல்காரிக்கு அறுவை சிகிச்சைக்கு முன் இரத்தம் எடுக்க எங்கள் பரிசோதனைக்கூடத்தை அழைத்தார்கள். இடது கையில் நான்தான் எடுத்தேன். அண்ணி கூட வந்து கட்டிலருகில் நின்றாள். இருவரும் அதற்கு முன் நேருக்கு நேர் பார்த்ததில்லை. குழுவில் ஆறு வருடமாக உறுப்பினராக இருந்தும், தையல்காரி அந்த மாடிப்படியில் ஒருமுறைகூட ஏறியதில்லை.

அண்ணி மெதுவாகத்தான் பேசினாள். "அடுத்த கூட்டத்துக்கு நான் மூணுன்னு போட்டுடறேன். உலைக்கு அனுமதி கெடைச்சுடும். உங்க வீட்டுக்காரர் அப்புறம் உங்களத் தொட மாட்டார். என் வீட்லயும் விட்டுடுவாங்க."

அவள் அதைச் செய்திருப்பாள். எனக்குத் தெரியும். வரும் வழியில் என்னிடம் அதையேதான் சொன்னாள்: நான் எண்ணப் போகிற இடமெல்லாம் யாரோ அடி வாங்குகிறார்கள், எண்ணாமல் இருந்தபோது அவள் கை நன்றாக இருந்தது.

தையல்காரி தன் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தின் ஒரு பக்கம் நீலமாக வீங்கிக் கண் மூடியிருந்தது.

"மூணு போட்டுராதீங்க மேடம்."

"ஏன்?"

"போட்டீங்கன்னா என் கை சும்மா ஒடஞ்சதா ஆயிரும்."

அண்ணி அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நான் வந்து உக்கார்றேன். மீன்கார அக்காகிட்டயும் பால்கார அக்காகிட்டயும் நான் சொல்றேன். உக்காந்ததுக்கு அப்புறம் போடுங்க."

"அடிப்பான்."

"உக்காராதப்பவும் அடிச்சான்ல?"

நான் எடுத்த இரத்தக் குழாயை இன்னும் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். பிற்பாடு அதில் ஈயமும் பார்க்கச் சொன்னேன். ஏரிக்கரைக்காரர்கள் எல்லோருக்கும் வருவதுபோலவே வந்தது. இருக்கக்கூடாத அளவு.

அண்ணி காவல்துறைக்கு எழுதினாள், பாதுகாப்பு கேட்டாள். கூட்டத்துக்குக் கண்டிப்பாக ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். யாரும் வரவில்லை.

மூன்றாவது கூட்டத்தில் நடந்ததை ஓட்டுநரும் மீன்காரியும் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இருவரும் சொன்னது ஒத்துப்போகிறது.

மூன்று பெண்களும் சேர்ந்து வந்தார்கள். நாற்காலிகளில் வழக்கம்போல மூன்று ஆண்கள். பால்காரியின் மகன் தாயைப் பார்த்ததும் தானாகவே எழுந்துவிட்டான். மீன்காரியின் கொழுந்தன் எழவில்லை. மீன்காரி கூடையைத் தரையில் வைத்துவிட்டு, "எந்திரிக்கிறியா, இல்ல மடியில உக்காரட்டுமா?" என்று கேட்டாள். அவன் துள்ளி எழுந்தான். யாரோ மூக்கைப் பிடித்ததைப் பார்த்து, "நாறுதுன்னா சன்னல் பக்கம் போயி நில்லுங்க, ஏரியும் அங்கதான் நாறுது" என்றாளாம்.

தையல்காரியின் கணவன் அசையவே இல்லை. அவள் அவனுக்குப் பின்னால், மாவுக்கட்டுக் கையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி நின்றாள். அண்ணி தலைவரைப் பார்த்து, "உறுப்பினர் நிக்கிறாங்க. அவங்க உக்காந்தாத்தான் கூட்டம்" என்றாள். தலைவர் முதலில் மேலாளர் முகத்தைப் பார்த்தார், பிறகு கைக்கட்டைப் பார்த்தார். கடைசியில், "எந்திரிப்பா" என்றார். அவன் எழுந்து சுவரோரம் போனான்.

அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள்.

பால்காரி, பள்ளம் தோண்டினால் மாடு எந்தத் தண்ணீரைக் குடிக்கும் என்று கேட்டாள். ஆலைப் பொறியாளர் பதில் சொல்ல முயன்றார், அவள் விடவில்லை. மீன்காரி, செத்து மிதக்கும் மீனை எத்தனை நாள் நான் உயிர் மீன் என்று சொல்லி விற்பது என்று கேட்டாள். தையல்காரி ஒரே வார்த்தைதான் சொன்னாள். "வேண்டாம்." பிறகு எதிர்ப்பவர்களைக் கை தூக்கச் சொன்னபோது அவள் இடது கையைத் தூக்கினாள். மூன்று பெண்கள் வேண்டாம் என்றதும் ஆண் உறுப்பினர்கள் இருவர் அவர்களோடு சேர்ந்து தூக்கினார்கள். ஐந்துக்கு நான்கு. உலைத் தீர்மானம் விழுந்தது.

அண்ணி கண்ணைத் திறந்து எழுத்தரிடம் சொன்னாள்: "பெண் உறுப்பினர்கள், வந்தது மூணு, பேசினது மூணு. குறிச்சுக்கோங்க."

அவர் குறித்தார். அவர் எழுதி முடிப்பதற்குள் தையல்காரியின் கணவன் ஒரு காலி நாற்காலியை மடக்கித் தூக்கிவிட்டான். முதல் அடி தையல்காரியின் தோளில். அவள் மாவுக்கட்டோடு தரையில் விழுந்தாள். அவன் மறுபடி ஓங்கினான். அண்ணி ஓடிவந்து நாற்காலியின் காலைப் பிடித்தாள். அவன் பிடுங்கினான், அவள் விடவில்லை. மடக்கு நாற்காலியின் இரண்டு இரும்புச் சட்டங்களுக்கு நடுவில் அவள் விரல்கள் மாட்டிக்கொண்டன. அவன் சட்டத்தை அழுத்தி மடக்கினான். விரல் முறியும் சத்தம் விசிறியின் டக் டக்கையும் மீறிக் கேட்டது என்கிறாள் மீன்காரி.

ஆலை ஆட்கள் மூன்று பேர் இரும்புக் கம்பியோடு மாடிக்கு வந்தார்கள். ஒருவன் கதவைச் சாத்தித் தாழிட்டான். தலைவர் மேசைக்கு அடியில் போய்விட்டார். கம்பிகள் முதலில் பெண்களின்மேல் விழுந்தன. பால்காரியின் காலில், மீன்காரியின் முதுகில். தாயைக் காப்பாற்ற வந்த பால்காரியின் மகனுக்கு மண்டை உடைந்தது. மீன்காரி கூடைக்குள் கையை விட்டு மீன் வெட்டும் கத்தியை எடுத்து, அருகில் வந்தவனின் முழங்காலுக்குக் கீழே கிழித்தாள், சதை தொங்கியது. "மீனுக்குன்னு கொண்டு வந்தது" என்று காவல் நிலையத்தில் அப்படியே சொல்லியிருக்கிறாள்.

அண்ணி தையல்காரியின்மேல் குப்புற விழுந்து மூடிக்கொண்டாள். விழுந்தாளா, படுத்தாளா என்று ஓட்டுநரிடம் கேட்டேன். "படுத்தாங்க" என்றார். முதல் அடி விழுந்ததுமே ஆள் கூப்பிடக் கீழே ஓடியிருந்த அவர், அப்போது வெளியே நின்று ஜீப்பின் ஜாக்கிக் கம்பியால் கதவை உடைத்துக்கொண்டிருந்தார். உடைந்த பலகைச் சந்து வழியாகப் பார்த்திருக்கிறார். தையல்காரியின் கணவன் நாற்காலியால் அவள் தலையில் அடித்தான். முகத்தைத் திருப்பியபோது முகத்தில் அடித்தான். அவள் அசையாமல் போனபிறகும் அடித்தான். "எத்தனை அடி?" என்று வழக்கறிஞர் அவரிடம் கேட்டபோது, "நான் எண்ணல சார், எண்ணறவங்கதான் அடி வாங்கிட்டு இருந்தாங்க" என்றாராம்.

கதவு உடைந்து ஓட்டுநர் உள்ளே போனதும், கீழே ஏரிக்கரைச் சனம் கூடிவிட்ட சத்தம் கேட்டதும், கம்பிக்காரர்கள் சன்னல் வழியாகக் குதித்தார்கள். ஒருவனுக்குக் கணுக்கால் உடைந்தது. அவனை அங்கேயே பிடித்து, கூட்டம் அடித்த அடியில் அவனுக்கு ஒரு கண் போய்விட்டது. தையல்காரியின் கணவன் ஓடவில்லை. வளைந்துபோன நாற்காலியை விரித்து நிறுத்த முயன்றுகொண்டிருந்தான். அது நிற்கவில்லை.

கடைசியாக என்ன சொன்னாள் என்று துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். ஒன்றும் சொல்லவில்லை. அப்படி உடைந்த வாயில் சொல் வராது.

துணை இயக்குநர் இறுதிச் சடங்குக்கு வந்திருந்தார். மேலாளரின் ஆட்கள் இரண்டு நாள் அவர் வீட்டு வாசலில் நின்றிருக்கிறார்கள், கூட்டமே நடக்கவில்லை என்று எழுதச் சொல்லி. அவர் என்னைத் தனியாக அழைத்து, "மூணுன்னுதான் போட்டு அனுப்பினேன்மா. இந்தத் தடவை அது நெசம்" என்றார். சொல்லிவிட்டு அழுதார். உலைக்கு அனுமதி இல்லை என்று ஆணை வந்துவிட்டது. தையல்காரியின் கணவனும் ஆலை ஆட்கள் மூவரும் சிறையில் இருக்கிறார்கள். மேலாளர் பிணையில் வெளியே வந்து, நன்றாக உடுத்திக்கொண்டு நடமாடுகிறார்.

இந்த வருட மாவட்ட அட்டவணை வெளியானதும் அண்ணன் என்னிடம் அதைத் தேடி எடுக்கச் சொன்னான். இருவரும் பார்த்தோம். எங்கள் மாவட்டத்துக்கு எதிரே ஏரிக் குழு: மூன்று. அதற்கு மேலேயும் கீழேயும் மற்ற மாவட்டங்களின் குழுக்கள்: மூன்று, மூன்று, மூன்று. நாற்காலியை எண்ணிப் போட்ட மூன்றும் அண்ணியின் மூன்றும் பார்க்க ஒன்றுபோலவே இருந்தன. நாட்டின் மதிப்பெண் போன வருடத்தைவிட நூறில் ஒரு பங்குகூட நகரவில்லை. அண்ணன் நாக்கால் பல் போன இடத்தைத் துழாவிக்கொண்டு வெகுநேரம் அந்த வரியையே பார்த்தான். பிறகு, "எதுன்னு நமக்குத் தெரியுமில்ல" என்றான்.

மூன்று பெண்களும் குழுவுக்குப் போகிறார்கள். பால்காரி கோல் ஊன்றி ஏறுகிறாள். தையல்காரிக்கு வலது கை இனி ஊசி பிடிக்காது; இடது கையால் பழகிக்கொண்டிருக்கிறாள். போன கூட்டத்தில் மின்விசிறியை மாற்றச் சொல்லித் தீர்மானம் போட்டிருக்கிறாள்.

நேற்று துணி உலர்த்த மொட்டை மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், மழை படாத இடத்தில், மூன்று மரப் பலகைகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. குழு மேசையில் உறுப்பினர் முன்னால் வைக்கும் பெயர்ப்பலகை அளவில் அறுத்தவை. அங்கே இருக்கும் பழைய பலகைகளில் ஆண்களின் பெயர்கள்தான். அண்ணி இவற்றை எப்போது அறுத்து வாங்கினாள், எப்போது மாடிக்குப் போய் எழுதினாள் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. ஒன்றில் மீன்காரியின் பெயர், ஒன்றில் பால்காரியின் பெயர், கறுப்பு வண்ணத்தில், அவளுடைய சாய்ந்த எழுத்தில். மூன்றாவது, தையல்காரிக்கான பலகைக்கு வெள்ளைப் பூச்சு மட்டும் அடித்திருக்கிறாள்; பெயர் எழுதுவதற்குள் கூட்ட நாள் வந்துவிட்டது போலிருக்கிறது.